மெதுவாக மேலே

கண்ணாடியில் படிந்த தன் மூச்சை அவள் கோட்டுக் கையால் துடைத்தாள். துடைத்த வட்டத்துக்குள் கணவனின் முகம் திரும்பவும் தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இல்லாத ஜன்னல் அது. கண்ணாடி மட்டும் ஒரு செங்கல் கனம் இருக்கும்.

"நான் பேசுறது கேக்குதா?" என்றாள் ரிசீவரில்.

"கேக்குது," என்றது ஒரு குரல்.

அசைந்தது அவன் உதடுதான். குரல் அவனுடையதாக இல்லை. சாவி கொடுத்த பொம்மை பேசுவதுபோல மெலிந்து, மூக்கு வழியாக வந்தது. உள்ளே அடைத்திருக்கும் காற்றில் ஹீலியம் கலந்திருக்கிறது, அதற்குள் யார் பேசினாலும் அப்படித்தான் கேட்கும் என்று அங்கே இயந்திரத்தை இயக்கும் ஆபரேட்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார். சொன்னது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் ரிசீவரைக் கீழே போட்டிருப்பாள்.

"கடையைப் பூட்டினியா?"

"பக்கத்துக் கடையில சொல்லிட்டு வந்தேன்."

"ஷட்டர் பாதியில நின்னுக்கும். கடைசியா காலால ஒரு மிதி மிதிக்கணும்."

"அதெல்லாம் பாத்துக்குவாங்க. உங்க கால் எப்படி இருக்கு?"

"இருக்குன்னு நர்ஸ் சொல்றார். நம்பித்தான் ஆகணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பொம்மைக் குரலிலும் அது அவனுடைய வழக்கமான குசும்புதான்.

அவளுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. செய்தி வந்ததும் கடையில் போடும் வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒருவர் அவளை டாக்டர் என்று நினைத்து எக்ஸ்ரேயை நீட்டினார். அவளும் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அழுத்த அறை என்று அதற்குப் பெயர். பார்வைக்குத் தண்ணீர் லாரியின் தொட்டியைக் கழற்றிப் படுக்க வைத்து வெள்ளையடித்த மாதிரி இருந்தது. ஆழத்தில் இருப்பவன் சுவாசிக்கும் காற்று அவன் ரத்தத்தில் கரைந்துகொண்டே இருக்கும். மெதுவாக, நின்று நின்று மேலே வந்தால் அது மூச்சோடு மூச்சாகப் போய்விடும். அவசரப்பட்டால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான், ரத்தத்திலேயே குமிழி கிளம்பும். காலையில் அவன் அப்படித்தான் மேலே வந்திருந்தான், மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து நேராக. இப்போது இந்த இரும்புத் தொட்டிக்குள் அழுத்தத்தை ஏற்றி அவனைத் திரும்பவும் ஆழத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து இந்தத் தடவை ஒழுங்காக மேலே கொண்டு வரவேண்டும். கூடவே ஒரு நர்ஸ் உள்ளே போயிருந்தார். முன்வழுக்கை, ஒட்டிய கன்னம். சின்னப் பெஞ்சில் கால்களை ஒடுக்கி உட்கார்ந்திருந்தார்.

"என்னைத் தெரியுதா?" என்றாள்.

"தெரியுதே. பக்கத்துல நிக்கிற அம்மாவும் தெரியுறாங்க."

"எந்த அம்மா?"

"தலை ஈரமா நிக்கிறாங்களே. துண்டு ஏதாவது குடு அவங்களுக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அறையில் ஆபரேட்டரைத் தவிர வேறு யாரும் இல்லை. அவரும் முதுகைக் காட்டிக்கொண்டு, அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தபடி மீசையை நீவிக்கொண்டிருந்தார்.

அவனுக்குக் கிட்டப்பார்வை. அந்தக் கண்களின் அளவு அவளுக்கு மனப்பாடம். கண்ணாடி இல்லாமல் அவனால் தன் உள்ளங்கை ரேகையையே மூக்கருகில் கொண்டு வந்துதான் பார்க்க முடியும். இவ்வளவு தூரத்திலிருந்து அவள் முகமே அவனுக்கு ஒரு வெளுத்த கறையாகத்தான் தெரியும். அவன் கடலுக்குள் போட்டுக்கொள்ளும் முகமூடிக்கு வில்லை தேய்த்துப் பொருத்தியவள் அவள்தான். "கீழ நான் பாக்குறதெல்லாம் உன் கண்ணாடி வழியாத்தான். அதனால பாதிப் பாவம் உனக்கு," என்பான்.

நர்ஸ் அவன் மூக்கில் ஆக்சிஜன் குழாயைப் பொருத்திவிட்டு, பேச்சு போதும் என்று கையைக் காட்டினார்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிட உட்கார்ந்தால் போன் வரும், குளிக்கப் போனால் போன் வரும். யாராவது எங்காவது மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அவனுக்குக் கோபமே வராது. போய் எடுத்துவிட்டு வருவான். விடுமுறை கிடைத்தால் மட்டும் கடலுக்குப் போய்விடுவான். அந்தக் கப்பல் பயணிகளோடு மூழ்கியது, அவர்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே. எடுப்பார் யாருமில்லாமல் அடியில் சாய்ந்து கிடந்தது.

"அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று ஒருமுறை கேட்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல. அதான் விசேஷம்," என்றான். பிறகு தட்டில் விரலால் கோடு போட்டபடி சொன்னான். "ஒரு பெரிய ஹால் இருக்கு. நாற்காலி எல்லாம் ஒரு பக்கமாச் சரிஞ்சு கிடக்கும். தரையில செருப்பு, ஷூ எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கு. ஆளு கரைஞ்சு போயாச்சு, தோல் மட்டும் மிச்சம். ஒவ்வொரு ஜோடியும் ஒரு ஆளு. யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்க. மணி அடிக்காது. அங்க போய் நின்னா, உள்ள இருக்குற சத்தம் எல்லாம் அடங்கிடும்."

"நான் கூப்பிடுறதுமா?"

அவன் தட்டை முன்னால் நகர்த்தினான். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்றான்.

நடைபாதையில் நெட்டை உட்கார்ந்திருந்தான். கணவனோடு கடலில் இறங்குபவன். பெயருக்கு ஏற்ற உயரம். போர்வைக்குள் சுருண்டிருந்தவனின் புருவத்தில் உப்புப் பூத்திருந்தது. அவனும் கவனிப்பில்தான் இருந்தான், பக்கத்தில் ஆக்சிஜன் உருளை.

"அண்ணி," என்று எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காரு. என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

அவன் மூக்குக் கவசத்தை இறக்கினான். "நான் ஹீலியம் கலந்த காத்துலதான் இறங்கினேன் அண்ணி. அவ்வளவு ஆழத்துக்கு அதுதான் சரி. அவன் வெறும் காத்தை நிரப்பிட்டு வந்திருக்கான். தண்ணிக்குள்ள குதிக்குறப்பதான் சொன்னான்."

"வெறும் காத்துன்னா என்ன?"

"அந்த ஆழத்துல வெறும் காத்து போதை குடுக்கும். தெரியாம யாராவது பண்ணா பரவால்ல, அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பண்ணான். ஏன்டான்னேன். 'ஹீலியத்துல போனா அங்க துருப்பிடிச்ச இரும்புதான்டா தெரியுது'ன்னான்."

அவள் எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஹாலுக்கு வெளிய ஒரு ஜன்னல். அதுக்கு முன்னாடி நின்னுட்டிருந்தான். நான் பாக்குறப்ப முகமூடியைக் கழட்டி உள்ள நீட்டுறான். யாருக்கோ குடுக்குற மாதிரி. 'இதுல பாருங்க, நல்லாத் தெரியும்'னு சொல்வோம்ல, அந்த மாதிரி. போதையில இப்படிப் பண்றது நடக்கும் அண்ணி. மீனுக்குத் தன் மூச்சுக் குழாயை நீட்டினவன்லாம் இருக்கான்."

"அப்புறம்?"

"கையை விட்டுட்டான். முகமூடி கீழ விழணும். விழல." அவன் போர்வையை இழுத்துக்கொண்டான். "உள்ள போச்சு. மெதுவா. நீரோட்டமாத்தான் இருக்கும். உள்பக்கம் இழுக்குற நீரோட்டம் அங்க உண்டு."

அவன் தானாகவே மிச்சத்தையும் சொன்னான். பிடித்து இழுத்து வந்தானாம். பாதி வழியில் அவள் கணவனுக்கு மூச்சு திணறியதாம். காற்று தீர்ந்ததோ, தண்ணீர் குடித்தானோ தெரியாது. கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் திமிறினானாம்.

"நான் விட்டுட்டேன் அண்ணி. மேல படகுல ஆளு இருந்தாங்க. கூடவே வந்திருந்தா நானும் உள்ள படுத்திருப்பேன். கயித்தைப் புடிச்சுட்டு நின்னேன், நிக்க வேண்டிய நேரம் பூரா. மேல படகோட அடி தெரியுது. ஆளுங்க ஓடுறது தெரியுது. அவனை என்ன பண்றாங்கன்னு தெரியல. கீழ பாத்தா இருட்டு. கீழ பாக்கக் கூடாதுன்னு மேலயே பாத்துட்டு நின்னேன்."

"ஏன் கீழ பாக்கக் கூடாது?"

நெட்டை கவசத்தைத் திரும்ப மூக்கில் பொருத்திக்கொண்டான்.

அவனைத் திட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். அவன் கால்மாட்டில் நழுவியிருந்த போர்வையை எடுத்து மூடிவிட்டுத் திரும்பினாள்.

அவள் ஜன்னலுக்கு வந்தபோது உள்ளே நர்ஸ் குனிந்து கணவனின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். ஆபரேட்டரின் பக்கத்தில் டாக்டர் நின்று மைக்கில் ஏதோ சொல்ல, உள்ளே நர்ஸ் அந்தப் பொம்மைக் குரலில் எண்ணுவது ஒலிபெருக்கியில் வந்தது. கேலி செய்வது போன்ற அந்தக் குரலில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் கோடு நேரானது. டாக்டர் இன்னும் கொஞ்சம் என்றார். நர்ஸ் தொடர்ந்தார். பிறகு டாக்டர் கையை மேஜைமேல் வைத்து, "போதும்," என்றார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கண்ணாடியைத் துடைத்தாள்.

நாத்தனார் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். கணவனின் தங்கை. வந்தவள் நேராகப் போய் அந்த இரும்புக் கதவைக் கைகளால் அறைந்தாள்.

"திறங்க. எங்க அண்ணனை வெளிய விடுங்க."

"இப்பத் திறக்க முடியாதும்மா," என்றார் ஆபரேட்டர்.

"செத்தவருக்கு இன்னும் என்ன வைத்தியம் பாக்குறீங்க?"

"உள்ள உயிரோட ஒருத்தர் இருக்கார்மா. அவரும் அதே அழுத்தத்துல இருக்கார். அவரை மெதுவாத்தான் மேல கொண்டு வரணும். சாயங்காலம் ஆகிடும்."

நாத்தனார் அண்ணியைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். அவள் நாத்தனாரின் முதுகைத் தட்டிக்கொண்டே அந்த வார்த்தையை யோசித்தாள். மேலே கொண்டு வருவது. காலையில் நிற்காமல் வந்தவன் இப்போது ஒவ்வொரு படியிலும் நின்று, முறைப்படி, அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தான்.

நாத்தனாரை யாரோ தண்ணீர் குடிக்க அழைத்துப் போனார்கள். ரிசீவர் ஒலித்தது.

"மேடம், நான் நர்ஸ். ஏதாவது பேசிட்டிருங்களேன். உள்ள ரொம்ப அமைதியா இருக்கு."

அவள் ஜன்னலில் பார்த்தாள். கணவனை முகம்வரை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார். எதைப் பேசுவது? சோதனை அட்டையின் பெரிய எழுத்தைக்கூடப் படிக்க முடியாமல், எல்லாம் தெரிகிறது என்று பொய் சொல்லும் கிழவர்களைப் பற்றிச் சொன்னாள். கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்து, கண்ணாடி தொலைந்துபோயிற்று என்று அழுத அம்மாளைப் பற்றிச் சொன்னாள். நர்ஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு குழந்தையின் சிரிப்பாக வந்தது. போகப்போக அவர் குரல் கனத்து மனிதக் குரலாக மாறிக்கொண்டிருந்தது.

"அவர் கடைசியா ஏதாவது சொன்னாரா?"

நர்ஸ் வெள்ளைத் துணியின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

"சொன்னார் மேடம். என்னைப் பாத்துத்தான் சொன்னார். 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அவங்க நின்னுட்டே இருக்காங்க'ன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல." நர்ஸ் தொண்டையைச் செருமினார். "தள்ளி உக்காந்தேன்."

அவள் நெற்றியைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தாள். பெஞ்சின் ஒரு விளிம்பில் அவர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு தொடை அந்தரத்தில் இருந்தது. மிச்சப் பெஞ்சு காலியாக இருந்தது.

"இப்ப நகந்து வசதியா உக்காரலாமே," என்றாள்.

"உக்காரலாம்," என்றார். நகரவில்லை.

வெளிச்சம் மஞ்சளாகிச் சுவரில் ஏறியபோது முள் பூஜ்யத்தில் நின்றது. ஆபரேட்டர் கதவை இழுத்தார். உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. நர்ஸ் தலைகுனிந்து வெளியே வந்து, அவளைப் பார்த்துக் கை கூப்பப் போய், பாதியில் விட்டுவிட்டு, முகம் கழுவப் போய்விட்டார். சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும் நீங்க வேணா போய்ப் பாருங்கம்மா," என்றார் ஆபரேட்டர்.

நெட்டை வாசலிலேயே நின்றான். "நீ வரலியா?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் குனிந்து உள்ளே நுழைந்தாள். துணியை விலக்கினாள். ஈரம் காயாத தலைமுடி நெற்றியில் அப்பியிருந்தது, அதை ஒதுக்கினாள். மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி அழுத்திய பழைய பள்ளங்கள். கண்களை நர்ஸ் மூடியிருந்தார். அந்த முகத்தில் வலி இல்லை. போன் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தூங்கும்போது அப்படி இருப்பான். பாதங்கள் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நெடுநேரம் குளித்தெழுந்தவனுடையதுபோல விரல்களின் தோல் சுருங்கியிருந்தது. கோட்டு நுனியால் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

வெளியே நாத்தனார் திரும்பி வந்துவிட்டாள். அழுகை கூரையை எட்டியது. யாரோ போனில் உறவுக்காரர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டபடி நெருங்கியது. "அண்ணி, வெளிய வாங்க அண்ணி," என்றான் நெட்டை.

அவள் கதவின் உள்பக்கக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவு பெரிய இரும்பு, விரலுக்கே அசைந்து கொடுத்தது. தன் பக்கமாக இழுத்து மூடினாள்.

நாத்தனாரின் அழுகை பாதியில் நின்றது.