பாசி மேடம்

செங்கல்பட்டில் ஒரு கல்லூரி. அங்கே வச்சலாவுக்குப் பாசி மேடம் என்றுதான் பெயர். கூட வேலை பார்த்த தாவரவியல்காரர்கள் மா, நெல், மூலிகை என்று மதிப்பான செடிகளைப் பிடித்துக்கொள்ள, இவள் மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமல்லபுரத்துப் பாறைகளில் வழுக்கி விழுந்து கடற்பாசி சுரண்டினாள். கல்யாணம், குழந்தை, துறைத் தலைவர் பதவி எல்லாம் வந்தன. பாறையை மட்டும் விடவில்லை.

அங்கேதான் அந்தச் சிவப்புப் பாசி கிடைத்தது. விரல் நீளம்கூட இல்லை. கிளை நுனிகள் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். யாரும் இதுவரை பதியாத புது இனம் என்று எழுதி அனுப்பினாள். பாசி விஷயத்தில் சென்னைப் பெரியவர் பக்தவத்சலம் சொன்னதுதான் சட்டம். அவர் ஒரே வரியில் ஊதித் தள்ளிவிட்டார்.

“தெரிஞ்ச பாசிதாம்மா. அலை அடிச்சு அடிச்சுக் குட்டையாப் போயிருக்கு.”

வச்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலையே இல்லாத தண்ணீரில் வளர்த்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டாள். ஓய்வு பெறுவதற்குள் முடித்தாக வேண்டும். அப்புறம் ஆய்வகச் சாவி கையில் இருக்காது. குடுவைகளில் கடல்நீர் ஊற்றி, பாசித் துணுக்குகளைப் போட்டு, கைக்குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டாள்.

ஆயுத பூஜை வந்தது. விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால், குடுவைகள் பளபளவென்று வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். உள்ளே ஒன்றுமில்லை.

“ஒரே பாசி புடிச்சிக்கினு இருந்துச்சி மேடம். பூஜைக்கு நாரு போட்டு நல்லா தேச்சி வுட்டேன்,” என்றார் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஆய்வக உதவியாளர் முனிசாமி, பெருமையாக.

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. முதலில் அழுதாள். விஷயம் தெரிந்ததும் முனிசாமியின் முகம் செத்துப்போனது.

“உள்ள இருந்த தண்ணிய எங்க ஊத்தினீங்க?”

“கடல் தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு நீங்கதான எழுதி ஒட்டிகீறீங்க? அந்த டிரம்முலயே ஊத்திட்டேன்.”

ஜன்னலோரம் கடல்நீர் சேமிக்கும் வெள்ளை பிளாஸ்டிக் டிரம் நின்றது. அதற்கும் பொட்டு. அந்தத் தண்ணீரோடு ஒரு துணுக்காவது தப்பிப் போயிருக்காதா என்று, அன்றிலிருந்து அதன் பக்கம் அவள் யாரையும் அண்டவிடவில்லை. மாதங்கள் போகப் போக உட்சுவரில் சிவப்பாக ஏதோ ஒட்டியது, கிளைவிட்டது, தழைத்தது.

அவள் கூப்பிட்டனுப்ப, பங்குனி வெயிலில் பக்தவத்சலம் வந்து இறங்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, டிரம்முக்குள் தலையை விட்டார். அலை இல்லை, அசைவு இல்லை. ஆனாலும் அதே குள்ளம், அதே கொக்கி. முழுசாக வளர்ந்துவிட்டதற்கு அடையாளமாகக் கிளைகளில் கடுகு கடுகாக வித்துப்பைகள் வேறு. போன தலை வெளியே வருவதாகத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து முனிசாமி பெரியவருக்கு டீ கொண்டுவந்தார். வைக்க இடம் தேடி, தம்ளரை டிரம்மின் விளிம்பில் வைக்கப் போனார்.

“யோவ், எடுய்யா கைய!” பக்தவத்சலம் துள்ளி எழுந்து டிரம்மை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். “உள்ள சிந்திடப் போவுது! இது புது இனம்யா! உலகத்துல வேற எவன்கிட்டயும் கிடையாது!”

முனிசாமி தம்ளரோடு இரண்டடி பின்னால் போனார். வச்சலா அவர் கையிலிருந்த டீயை வாங்கி, நிதானமாக ஒரு மடக்குக் குடித்தாள்.

“சார், அத இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள்.