பதினான்காம் கட்டத்துக் கதவு

தூணுக்கும் காருக்கும் நடுவே எழுபத்தெட்டு சென்டிமீட்டர். மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் அதே எழுபத்தெட்டுதான். அவளுடைய சக்கர நாற்காலியின் அகலம் அறுபது. ஆக, நாற்காலி தாராளமாகப் போகும், கார்க் கதவு மூடியே இருந்தால். திறந்தாலோ, அந்த இடம் முழுவதையும் கதவே விழுங்கிவிட்டுத் தூணில் போய் முட்டிக்கொள்ளும். வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்க்கலாம் என்றால், ஓட்டுநர் பக்கம் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் பெரிய வண்டியை ஒட்டி வரும். அங்கே ஐம்பதுகூடத் தேறாது.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தும் கட்டங்களைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு விழுந்தது பதினான்கு. மாற்றித் தரச் சொல்லி இரண்டு கடிதம் கொடுத்தாள். "ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா" என்று செயலாளர் இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னார். எல்லாரும் வந்து நிற்பார்கள், அவளைத் தவிர. படி ஏறிப் போனவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே, அதைச் சொல்லியிருக்கலாமோ என்று யோசித்தாள்.

அதனால் இரண்டு வருடமாக ஒரே ஏற்பாடு. காலையில் அண்ணன் காரை வெளியே எடுத்துத் தெருவில் நிறுத்துவான். அவள் அங்கே போய் ஏறிக்கொள்வாள். ஏறிய பிறகு யாருடைய தயவும் வேண்டாம். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் கையாலேயே இயக்கும்படி மாற்றிய வண்டி. மாலையில் வாசலில் வந்து ஹார்ன் அடித்தால் அண்ணன் இறங்கி வந்து உள்ளே விடுவான். அவன் குளித்துக்கொண்டிருந்தால் அவளும் காத்திருப்பாள். தூங்கினால் அண்ணி எழுப்புவாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் சொன்னான்: "அடுத்த மாசத்துலேர்ந்து எனக்கு விடிகாலை ஷிஃப்ட். அஞ்சு மணிக்குக் கிளம்பணும்."

"சரி."

"என்ன சரி? வண்டியைக் குடுத்துடலாம்னு சொல்றேன். உங்க கடையிலதான் வேன் அனுப்புறாங்களே."

"வேன் எட்டு மணிக்கு வரும். அஞ்சே முக்காலுக்குத் திருப்பிக் கொண்டாந்து விடும். நடுவுல எனக்கு எங்கயாவது போகணும்னு தோணினா?"

"எங்க போகணும் உனக்கு?"

எங்கே என்று தெரிந்திருந்தால்தான் போக வேண்டுமா என்ன. சாதத்தைப் பிசைந்தபடி, "கதவை மாத்தப் போறேன்" என்றாள்.

"எந்தக் கதவை?"

"கார்க் கதவை. பக்கவாட்டுல தொறக்காம மேல தொறக்குற மாதிரி. அதுக்குன்னே கீலு, ராடு எல்லாம் சேத்துக் கிட்டா விக்குது."

அண்ணிக்குப் புரை ஏறியது. "பந்தயக் கார் மாதிரியா? றெக்கை விரிச்சுக்கிட்டு?"

"அதேதான்."

"நம்ம வண்டிக்கா?" என்றான் அண்ணன். பன்னிரண்டு வருடம் ஓடிய சாம்பல் நிறச் சின்னக் கார் அது. "கிழவிக்கு லிப்ஸ்டிக் பூசின மாதிரி இருக்கும்."

"பூசினா பூசிட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கே சந்தேகம் பிடித்துக்கொண்டது. அவள் வேலை கண்ணாடிக் கடையின் பட்டறையில். லென்ஸை அளந்து, மையம் குறித்து, சட்டத்துக்கு வெட்டும் வேலை. அரை மில்லிமீட்டர் தவறினால் போட்டவருக்குத் தலைவலி வரும். அதனால் அளக்காமல் எதையும் நம்பமாட்டாள். அளந்த பிறகும் பாதிதான் நம்புவாள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூன்று கிட்டுகளை மூன்று பக்கத்தில் எழுதினாள்.

முதலாவது, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது. எல்லோருக்கும் பொருந்தும் என்று ஒரு மூக்குக் கண்ணாடியை யாராவது விற்றால் அவள் என்ன சொல்வாளோ, அதை அந்தப் பக்கத்தின் கீழே எழுதிவிட்டு, பக்கத்தையே அடித்துவிட்டாள். இரண்டாவது கிட்டில் கதவு வெளியே வரவே வராது, நேராக மேலே போகும். கேட்க நன்றாயிருந்தது. ஆனால் வண்டியின் உடம்பை அறுத்து வெல்டிங் வைக்க வேண்டும். அதோடு கதவு நட்டுக்குத்தலாகத்தான் நிற்கும், நடுவில் நிறுத்த முடியாது. கீழ்த்தளக் கூரையில் பதினான்காம் கட்டத்துக்கு நேர் மேலே ஒரு கழிவுநீர்க் குழாய் ஓடியது. தரையிலிருந்து இரண்டு மீட்டர் பத்து. கதவு அதை இடிக்கும்.

மூன்றாவது, அவள் வண்டி மாடலுக்கென்றே செய்தது. பழைய கீலைக் கழற்றிவிட்டு அதே துளைகளில் போல்ட் போட்டால் போதும். கதவு முதலில் ஒரு சாண் வெளியே வரும், பிறகு மேலே எழும்பும். எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை ஒரு திருகால் வைத்துக்கொள்ளலாம். தாங்கிப் பிடிக்கும் கேஸ் ராடு இரண்டு வலுவில் கிடைத்தது; கதவின் எடையைப் பொறுத்து எடுக்க வேண்டும்.

வண்டித் தகரம் தட்டிச் சரிசெய்யும் டிங்கரிடம் போனாள். எதற்கெடுத்தாலும் "அரை இன்ச் முன்னப்பின்ன இருக்கும்" என்பதால் அவனுக்கு அரை இன்ச் என்றே பெயர். அவள் வயதுதான் இருக்கும்.

"கதவைக் கழட்டி எடை போட்டுக் குடு" என்றாள்.

"எதுக்கு? கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்குறியா?"

"ராடு வலு கம்மியா இருந்தா கதவு என் தலையில இறங்கும். ஜாஸ்தியா இருந்தா மூடவே வராது."

அரை இன்ச் முணுமுணுத்துக்கொண்டே கதவைக் கழற்றி, பக்கத்து இரும்புக் கடைத் தராசில் வைத்தான். இருபத்தேழு கிலோ. அவள் இன்னொரு தடவை வைக்கச் சொன்னாள். "உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்" என்றான். மறுபடியும் இருபத்தேழு.

வாங்கும் பொத்தானை அழுத்தப் போய் மூன்று முறை பின்வாங்கினாள். கணக்கெல்லாம் சரி. ஆனால் இத்தனை அளவுகளுக்கும் அடியில் சும்மா ஆசைதான் இருக்கிறதோ? அந்தக் கதவு எழும்பும் வீடியோவை இருபது முறையாவது பார்த்திருப்பாள். ஆமாம், ஆசையும்தான் என்று கடைசியில் ஒப்புக்கொண்டாள். நடக்கிறவர்கள் ஆசைக்கு வாங்கலாம், நான் மட்டும் அவசியத்துக்குத்தான் வாங்க வேண்டுமா? அழுத்தினாள்.

கிட் வந்து, அரை இன்ச் நான்கு நாள் உட்கார்ந்து பொருத்தி, ஒயர்களை நீட்டி, மட்கார்டு ஓரத்தைத் தேய்த்து, வாகனப் பரிசோதனை அலுவலகத்தில் முத்திரையும் வாங்கி வண்டி கட்டத்துக்குத் திரும்பியது. அதற்குள் செயலாளருக்குச் செய்தி போய்விட்டது. முதல் நாள் காலை, ஏதோ மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்போல அங்கே நின்றிருந்தார். ஷிஃப்ட் மாறுவதற்கு முந்தைய கடைசி நாள் என்று அண்ணனும் இறங்கி வந்திருந்தான். அரை இன்ச் தன் கைவேலை எப்படி இருக்கிறதென்று பார்க்க வந்திருந்தான்.

"குடும்பங்க இருக்குற எடம்மா. இந்த ஷோ வண்டியெல்லாம் இங்க..." என்று செயலாளர் ஆரம்பித்தார்.

"என் கட்டத்துக்குள்ளதான் தொறக்குது சார். கோட்டைத் தாண்டினா சொல்லுங்க."

நாற்காலியைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு பிடியை இழுத்தாள். ஒரு சாண் வெளியே வந்தது. கையால் கொஞ்சம் மேலே தள்ளினாள். பாதிக்குமேல் ராடு அதைத் தன்பாட்டில் வாங்கிக்கொண்டது. சாம்பல் நிறக் கதவு நிதானமாக எழும்பி, கழிவுநீர்க் குழாய்க்கு நான்கு விரற்கடை கீழே நின்றது. அவள் நாற்காலியைக் கதவுக்கு அடியில் ஓட்டி, இருக்கைக்கு மாறி, சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தை மடிமேல் தூக்கிப் பக்கத்து இருக்கையில் போட்டாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கீழ்த்தளத்திலேயே ஸ்டீயரிங்கைத் தொட்டாள்.

பிறகு கதவை மூடக் கையை நீட்டினாள்.

கை எட்டவில்லை. கதவின் பிடி தலைக்கு மேலே, வெகு தள்ளி இருந்தது. இடுப்பை நிமிர்த்தி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எட்ட முயன்றாள். விரல் நுனிக்கும் பிடிக்கும் நடுவே அரை மீட்டர் காற்று.

கூரையை அளந்தாள், குழாயை அளந்தாள், கதவை எடை போட்டாள். தன் கையை மட்டும் அளக்கவில்லை. அவள் பார்த்த வீடியோ ஒவ்வொன்றிலும் கதவை மூடினவன் வெளியே நின்றுகொண்டிருந்தான், அல்லது எழுந்து எக்கி இழுத்தான். இருபது முறை பார்த்தும் அது கண்ணில் படவே இல்லை. லென்ஸ் வெட்டுகிறவளுக்கு.

செயலாளரின் குரல் இப்போது கனிவாக இருந்தது. அதுதான் அதிகம் சுட்டது. "நான் வேணா தெனமும் காலைல வந்து மூடி விடட்டுமா? இல்ல, வாட்ச்மேன்கிட்ட சொல்லி வைக்கட்டுமா?"

அண்ணன் ஏற்கனவே இரண்டு அடி முன்னால் வந்துவிட்டான். கை கதவை நோக்கி உயர்ந்துவிட்டது.

"யாரும் தொடாதீங்க."

"நேரமாகுதுடி. இன்னைக்கு ஒரு நாளைக்கு."

"இன்னைக்கு மூடினா நாளைக்கும் மூடணும். அங்கயே நில்லுண்ணா."

தோள்பையின் வாரை இரண்டு பக்கமும் கழற்றினாள். ஒரு முனையைச் சுருக்காகக் கட்டி மேலே வீசினாள். கண்ணாடியில் பட்டு மடியில் விழுந்தது. மறுபடி வீசினாள். இந்தத் தடவை மூக்கில் விழுந்தது. அரை இன்ச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். நான்காவதோ ஐந்தாவதோ வீச்சில் சுருக்கு பிடியில் மாட்டியது. இழுத்தாள். ராடு விட்டுக்கொடுக்கவில்லை. வாரைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு இழுத்தாள். கதவு மெல்ல அசைந்து, பாதியைத் தாண்டியதும் மனம் மாறினதுபோல் இறங்கி வந்து, டப்பென்று சாத்திக்கொண்டது.

கண்ணாடியை இறக்கினாள். மணிக்கட்டு சிவந்திருந்தது.

"அரை இன்ச், ஒரு வார் போல்ட் போட்டுக் குடு. உள்பக்கப் பிடியில. நீளம் எழுபது சென்டிமீட்டர்."

"எழுபதா? எப்ப அளந்த?"

"இப்பத்தான். உக்காந்து."

"அரை இன்ச் முன்னப்பின்ன..."

"இருக்கக் கூடாது."

செயலாளர், வார் தொங்கினால் பார்க்க நன்றாக இருக்காதே என்றார். "நீங்க பாக்க வேண்டாம் சார், நான் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். அவர்தான் ஒதுங்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே வார் ஏறியது. மறுநாள் அண்ணன் விடிகாலை ஷிஃப்டுக்கு எழுந்தபோது அவள் அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நாற்காலி இல்லை. கீழே போய்ப் பார்த்தான். பதினான்காம் கட்டத்தில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது. போன் போட்டான்.

"கடை ஒன்பதுக்குத்தானே தொறக்கும். அதுக்குள்ள எங்க போற?"

"எங்கயும் இல்ல" என்றாள் அவள். பின்னால் சிக்னலில் யாரோ ஹார்ன் அடிக்கும் சத்தம் கேட்டது. "பச்சை விழுந்துடுச்சுண்ணா, வைக்கிறேன்."