பெயர் மாற்றப்பட்டுள்ளது

வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தும் நவமணியின் வலது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. வேலை போனால் வலியாவது போகும் என்று நினைத்திருந்தாள். கோப்பி கலக்கக் கரண்டியைப் பிடித்தால்கூட எலும்புக்குள் ஊசி இறங்கியது. சின்ன வயதிலேயே ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டிய கை. அப்போதே பழைய சேலைக் கிழிசலை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொள்வாள். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டிவிட்டார்கள். சிம்பாங் பூலாய்ப் பக்கம் பிஸ்கட் தொழிற்சாலைக்கு வந்த பிறகும், கையுறைக்குள் அந்தக் கிழிசல் இல்லாமல் மாவுத் தொட்டியைச் சாய்க்க அவளால் முடியாது. அங்கே வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

மேல்மாடி வீட்டு ஷாமினி கேக் பெட்டியோடு வந்தாள். ஈப்போவில் தனியார் கல்லூரியில் உணவுத் தொழில் படிக்கிற பெண்.

"அக்கா, என் ப்ராஜெக்ட்தான் ஃபர்ஸ்ட்! ஒங்களாலதான்லா."

வேலையிடத்து அறச்சிக்கல் ஒன்றை ஆராய வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். தப்பு நடப்பதைப் பார்க்கிற தொழிலாளி வாயைத் திறப்பதா, வயிற்றைப் பார்ப்பதா என்பது ஷாமினியின் கேள்வி. இதே மேசையில் உட்கார்ந்துதான் கேட்டாள். கடைகளிலிருந்து திரும்பி வந்த பூஞ்சை பிடித்த பிஸ்கட்டை அரைத்துப் புது மாவில் கொட்டச் சொல்கிறார்கள் என்று நவமணி சொன்னாள். போனில் பிடித்த படங்களையும் அனுப்பினாள். பேர் போட மாட்டேன் என்று சாமி படத்தைப் பார்த்துச் சொன்ன ஷாமினி, போடவும் இல்லை. 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள்.

"பேர மாத்துன, சரி. துணிய ஏன்மா எழுதுன?"

"எந்தத் துணி?"

நவமணி மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"லெக்சரர்தான்கா சொன்னாங்க, ஆளு கண்ணு முன்னாடி நிக்கணும்னு..."

"நின்னேன். ஒங்க காலேஜுக்கு மார்க் போட வந்தது யாரு? எங்க மேனேஜர் ரோய்ஸ்டன். மறுநா எல்லாரு முன்னாடியும் என் கிளவ்ஸ உருவுனான். 'பெரிய ஆளாயிட்டீங்க அக்கா, புக்குலலாம் வர்றீங்க'ன்னான். என் கைபோன வாங்கி படத்தயெல்லாம் அழிச்சான். பொய் பரப்புனேன்னு வேலய விட்டுத் தூக்கிட்டான்."

ஷாமினி உட்கார்ந்துவிட்டாள். "தெரியாதுக்கா. சாரி."

"சாரிய வச்சி என்னா பண்றது? லேபர் ஆபீஸ்ல ரிப்போட் போட்டிருக்கேன். ஆதாரம் கேக்குறான். படம் ஒங்கிட்டதான் இருக்கு. நேர்ல வந்து, நான் சொன்னது பொய் இல்லன்னு சொல்லு. போதும்."

ஷாமினி கேக் பெட்டியின் ரிப்பனை விரலில் சுற்றினாள். சுற்றியதை அவிழ்த்தாள்.

"ஒங்க ஃபேக்டரிலதான்கா எனக்கு ப்ராக்டிக்கல் கெடச்சிருக்கு. அந்த மேனேஜருதான் முடிச்சதுக்குக் கையெழுத்துப் போடணும். எம்பேரு வராம ஏதாச்சும் பண்ண முடியுமாக்கா?"

நவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒம்பேரயும் மாத்திப் போட்ரலாமா?"

ஷாமினி கீழே பார்த்தாள். ப்ராக்டிக்கல் முடிந்ததும் வருவதாகச் சத்தியம் பண்ணினாள். அதற்குள் விசாரணையே முடிந்துவிடும் என்று நவமணி சொன்னபோது ஷாமினி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு நவமணி தனியாகத்தான் போனாள். சாட்சியைக் கூட்டி வர இன்னொரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாள் காலையில் ஃப்ளாட் அடியில் தொழிற்சாலை வேன் வந்து நின்றது. வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு ஷாமினி ஏறினாள். நவமணி மாடி நடைபாதைக் கம்பியைப் பிடித்தபடி மேலிருந்து பார்த்தாள். ஷாமினி நிமிரவில்லை. வேன் புகையைக் கக்கிவிட்டுத் திரும்பியது.

ஷாமினி சொல்ல வேண்டிய சாட்சி இன்னும் பாக்கி.