பதினாலாம் நாள் நோவு

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்கும் கேற்றுக்குமாக எத்தனை தரம் நடந்தேனோ. அடிவயிற்றின் வலப்பக்கம் சுருக்கென்று பிடித்து இழுத்தது. மாதவிலக்கு வந்து பதினாலாம் நாளில் வருகிற அதே நோவு. இந்தத் தடவை அதற்காகத்தான் காத்திருந்தேன். வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

என் புருஷன் முனாஸின் லீவில் இன்னும் ஒன்பது நாள்தான் மிச்சம். பிறகு கட்டாருக்கு வேலைக்குத் திரும்பிவிடுவார். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. கலியாணமாகி ஆறு வருடம், இன்னும் பிள்ளையில்லை, எனக்கு முப்பத்தாறு வயது. உலை வாயை மூடலாம், எங்கள் ஊர் ஓட்டமாவடியின் வாயை மூட முடியாது.

போன கிழமை மட்டக்களப்புக் கிளினிக்கில் டொக்டர் பிரஷாந்தி முந்தைய மாதத்து ஸ்கேனைப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொண்டார். முட்டை வளர்கிறது, வெடித்து வெளியே வரவில்லை. கருவைத் தாங்கும் ஓமோனும் இரத்தத்தில் போதவில்லை. வேறு மருந்து ஏதும் எடுக்கிறேனா என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். இல்லை என்றேன். றிப்போட்டை எடுக்கும்போது கைப்பையிலிருந்து குளிசை அட்டை விழுந்தது.

"இது என்ன?"

"இது மருந்தில்ல டொக்டர், நோவுக் குளிசை. நடுமாசத்தில வயிறு நோகும், உம்மா தருவா. மூணு நாளைக்கி."

அவர் கதிரையில் சாய்ந்துவிட்டார்.

"தங்கச்சி, முட்டை வெளிய வாறதே ஒரு சின்னக் காயம் மாதிரித்தான். கிருமியோட சண்டை பிடிக்கிற வெள்ளைக் கலங்கள் அங்க ஓடிவந்து, முட்டை இருக்கிற பையிட சுவரை இளக்கி உடைக்க உதவும். பிறகு அந்த இடத்தில ரத்தக்குழாய் வளர வைச்சு, ஓமோன் சுரக்கவும் கைகுடுக்கும். இந்தக் குளிசை அந்த வேலையைக் கெடுக்கும். இதுதான் காரணமெண்டு சத்தியம் பண்ண மாட்டன். ஆனா இந்த மாசம் தொடாதீங்க. ஏலாட்டிப் பனடோல் போடுங்க."

பனடோல் எனக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. போட்டுப் பார்த்தாயிற்று.

உம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நான் முகத்தைச் சுளித்தாலே தண்ணீரும் குளிசையுமாக ஓடி வருகிறவர். என் கோபம் முழுதும் அவர்மேல்தான் இருந்தது. அப்படிக் கோபப்படுகிறேனே என்று என்மேலும் ஆத்திரம் வந்தது.

மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்த உம்மா என்னைக் கண்டுவிட்டார்.

"நோவு வந்திட்டா மகள்? ஏன் சொல்லல்ல?"

நொடியில் தண்ணீர்க் கிளாசும் இரண்டு குளிசையும் என் முன்னால் நின்றன.

"வேணாம் உம்மா."

"குடிங்க. முகமெல்லாம் வேர்த்திரிக்கி."

"வேணாமெண்டா வேணாம்! உங்கட குளிசைதான் எனக்குப் புள்ளையில்லாமப் பண்ணினது!"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பயனில்லை. டொக்டர் சொன்னதெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். உம்மா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு வருஷமா? என்ட கையாலயா?"

பதில் சொல்வதற்குள் அடுத்த இழுப்பு வந்தது. குனிந்து கதவு நிலையைப் பிடித்தேன். உம்மா பதறி எழுந்து, பழக்கத்தில் குளிசைக்குக் கையை நீட்டினார். நீட்டிய கையை இழுத்து என் வயிற்றில் வைத்தார்.

"நோகுதா?"

"ஓம் உம்மா. தாங்க ஏலாம நோகுது."

அவர் கண்கள் பொலபொலவென்று கொட்டின.

"நோகட்டும் மகள்," என்றார். "நல்லா நோகட்டும்."