கபர் மேல் நின்ற நொச்சி

தென்காசியில் எங்கள் சனத்தை அடக்கும் மையவாடிக்குப் பின்னால் ஓடும் ஓடையை நான் ஒருநாளும் நம்பியதில்லை. குற்றாலத்து மலையில் மழை கொட்டினால் அதற்குப் பேய் பிடித்துவிடும். வருஷாவருஷம் கரையைத் தின்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம் என் பெண்சாதி ஹைருன் பீவியின் கபருக்குக் கிட்டே வந்துவிட்டது. இன்னொரு வெள்ளம் வந்தால் அவளை அள்ளிக்கொண்டு சிற்றாற்றுக்குப் போய்விடும்.

முன்னால் கட்டிய கற்சுவரை ஒரே மழை பெயர்த்துப் போட்டிருந்தது. அதனால் கரையைக் கட்டச் சர்க்கார் ஓவர்சியர் தங்கசாமி வந்தபோது நான் முகம் கொடுக்கவில்லை. அவர் சுவரே வேண்டாம் என்றார். கரையடியில் கல் அடுக்கி, மண் போட்டுச் சரிவாக்கி, அதில் நொச்சியின் பச்சைக் கிளைகளை வெட்டிப் போத்துகளாக நெருக்கமாக ஊன்றச் சொன்னார்.

மண் சுமக்க வந்த பேராச்சி சிரித்தாள். "ஓவர்சியர் ஐயா வெள்ளத்துக்குப் பல்லு குத்தக் குச்சி நடுதாவ."

என் மனசில் இருந்ததும் அதுதான்.

பாதி வேலையில் போத்து தீர்ந்துவிட்டது. பக்கத்தில் நொச்சி புதராக நின்றது ஹைருன் கபர் மேல்தான். அடக்கியதும் தலைமாட்டில் ஒரு பச்சைக் குச்சி ஊன்றுவது எங்கள் வழக்கம். பச்சை இருக்கும்வரை அது அல்லாவைத் துதிக்கும், உள்ளே கிடப்பவருக்கு வேதனை குறையும் என்பார்கள். அப்படி நான் ஊன்றிய குச்சிதான் தழைத்துப் புதராகியிருந்தது. அதில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள்.

தங்கசாமி கேட்டேவிட்டார். "அண்ணாச்சி, அதை வெட்டலன்னா அவுக பக்கந்தான் மொதல்ல போவும்."

"உம்ம பேச்சைக் கேட்டு வெட்டுதேன். பொறவு அவளும் போயிட்டா?"

"போவாதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

பொய் சொல்லாத சர்க்கார் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அரிவாளை நானே எடுத்தேன். தூரை விட்டுவிட்டுக் கிளைகளை வெட்டி, ஒவ்வொன்றையும் அல்லாவின் பேரால் என்று பிஸ்மி சொல்லி ஊன்றினேன். சாரலில் எல்லாம் துளிர்த்தன.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. செந்தண்ணீர் நொச்சிகளைப் படுக்கவைத்து அவற்றின் மேலேயே ஓடியது. தொலைந்தது என்று நின்றேன். கரை விழும் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

தண்ணீர் வடிய வடிய, படுத்த குச்சிகள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. ஒவ்வொன்றின் அடியிலும் புது மணல். இத்தனை வருஷம் தின்ற ஓடை, மலையிலிருந்து மண் கொண்டுவந்து அவள் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தது. பேராச்சி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் ஊன்றியது ஒரு குச்சி. இப்போது கரை முழுக்கத் துதித்துக்கொண்டு நின்றது.

ஓடையின் மேல்கரைக்கும் அவள் கபர் நொச்சியிலிருந்து போத்து வேண்டுமானால் கேளும் என்று தங்கசாமியிடம் சொன்னேன். அரிவாளை மட்டும் நான்தான் பிடிப்பேன் என்றேன்.