ஆளுக்கும் ஐம்பது பாயின்ட்

ஆரோக்கியமுத்து தனியார் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதர் நாற்பது நாளாக வீட்டோடு கிடந்தார். குளத்தூர் பக்கத்து வளைவில் அவருடைய பஸ்ஸில் அடிபட்டு செவந்தி என்ற பெண் இறந்துபோனாள். கண்மூடித் திறப்பதற்குள் குறுக்கே ஓடி வந்துவிட்டாள் என்று இவர் சொன்னார். கண்டக்டரும் அதையே சொன்னார். ஸ்டேஷனிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். திங்கட்கிழமை வண்டி எடுக்காவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். இவரோ பஸ் சத்தம் கேட்டாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா விட்டத்தையே வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், காலேஜில் படிக்கும் மகள் பாத்திமா தன் கம்ப்யூட்டரில் கேம் போட்டுக் கொடுத்தாள். மனிதர் விளையாடியதைவிடக் குறை சொன்னதுதான் அதிகம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

சீட்டாட்டம் போட்டால், "எதிர்ல ஆளில்லாம என்ன சீட்டு? ஜெயிச்சா யாருகிட்டப் பீத்திக்கிறது?" என்றார். விவசாய கேமுக்கு அதைவிடப் பெரிய கேலி.

"வெதச்ச அஞ்சாவது நிமிசம் கதிரு! பட்டனத் தட்டுனா மழையும் வருது. இதச் செஞ்சவன் நம்ம ஆவூர்ப் பக்கம் வந்தே இருக்க மாட்டான்."

துப்பாக்கி கேமைப் பார்த்ததும் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். மிட்டாய்களை வரிசையாகச் சேர்த்து உடைக்கும் கேம் மட்டும் பிடித்திருந்தது. "எம்புட்டு ஒடச்சாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகல பாரு" என்றார். அதைக் கேட்டு அவர் மனைவி அற்புதமேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலையில் பாத்திமா தயங்கித் தயங்கி பஸ் ஓட்டும் கேமைப் போட்டாள். அவர் மறுக்கவில்லை. முதல் ட்ரிப் நன்றாகவே போனது. இரண்டாவதில் ஒரு வளைவில் ஓரமாக நடந்துபோன பெண்ணின் மேல் பஸ் ஏறி இறங்கியது. ட்ரிப் முடிந்ததும் திரையில் கணக்கு வந்தது. இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதற்கு ஐம்பது பாயின்ட் குறைவு. ஆளை இடித்ததற்கும் ஐம்பது.

"விடுங்கப்பா, ரீஸ்டார்ட் குடுங்க. அந்தம்மா மறுபடி அங்கயே நடந்து போவாங்க."

அவர் மவுசிலிருந்து கையை எடுத்தார்.

"நீ காட்டுன கேமுலயே இதுதான் ஆத்தா மோசம்" என்றார். பிறகு, கோயிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாததைச் சொன்னார். "குளத்தூர்ல அந்தம்மா ஓடி வரல. ஓரமா நின்னு ஏத்திக்கச் சொல்லிக் கையக் காட்டுனாங்க. எனக்கு ரெண்டு நிமிசம் லேட்டு. பாத்துக்கிட்டேதான் ஆக்சிலேட்டர அமுத்துனேன். நிப்பாட்டிருவான்னு நம்பி ஒரு எட்டு முன்னால வச்சிட்டாங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு செவந்தி வீட்டுக்குக் கிளம்பியவரை அற்புதமேரி வாசலில் மறித்தாள். "வேணாம்ங்க. கேசத் திருப்பி உள்ள தூக்கிப் போட்டுருவாங்க."

"போட்டா போடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவந்தியின் புருஷன் பிச்சைமுத்து வீட்டில்தான் இருந்தார். ஆரோக்கியமுத்து தான் யாரென்று சொல்லி, மகளிடம் சொன்னதையே ஒரு வார்த்தை மாறாமல் அவரிடமும் சொன்னார். பிச்சைமுத்து கட்டிலிலிருந்து எழுந்து கிட்டே வந்தார்.

"கையக் காட்டிக்கிட்டு நின்னாளா?"

"ஆமாங்க."

"குறுக்க ஓடலயா?"

"ஓடலங்க. பொய் சொன்னது நாந்தான்."

அடி விழும் என்று ஆரோக்கியமுத்து தலையைக் குனிந்துகொண்டார். விழுந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். பிச்சைமுத்து அவரைத் தொடக்கூட இல்லை. சுவரில் மாலை போட்டிருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"எதுக்குடி குறுக்க ஓடுனன்னு நாப்பது நாளா ஒன்னயத்தானே திட்டிக்கிட்டு இருந்தேன், செவந்தி" என்று வாய்விட்டு அழுதார்.