இடது விளக்கின் மேல் ஒரு சொட்டு

நவம்பர் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. முந்திய நாள் மழை விட்டிருந்தது. வானம் வெளுக்காமலும் கறுக்காமலும் சாம்பல் பூத்துக் கிடந்தது. வெயிலில் சுட்ட தகட்டைத் துடைக்கக் கூடாதாகையால், பழைய காரைச் சுத்தம் செய்ய இதைவிட ஏற்ற நாள் வாய்க்காது.

ஆனால், மகனுக்கு அந்த ஒரு பகல்தான் மிச்சமிருந்தது. மருத்துவர்கள் கைவிரித்துவிட்ட தந்தையை மாலை நான்கு மணிக்கு ஆம்புலன்சில் வீட்டுக்குக் கொண்டுவரவிருந்தார்கள். சர்க்கரை நோய் மூன்றாண்டுகளுக்கு முன்பே அவருடைய கண்களைப் பறித்துக்கொண்டது. அதுமுதல் மகள் வீட்டிலும் மருத்துவமனையிலுமாகக் கழித்தவர் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தம் கையாலேயே அரக்கு நிறம் அடித்த அந்தக் காரை ஒருமுறை தொட வேண்டும்.

"தொடச்சிட்டேன்பா, கண்ணாடி மாதிரி இருக்கு" என்று ஞாயிறுதோறும் மகன் தொலைபேசியில் சொல்லிவந்தான். உண்மை வேறு. ஒட்டுப்பலகை வியாபாரியான அவன், கொட்டகையைப் பலகைகளால் நிரப்பிவிட்டுக் காரை மரத்தடிக்குத் தள்ளியிருந்தான். பிசினும் பறவை எச்சமும் பக்கத்துப் பட்டறையின் இரும்புத்தூளும் அதன்மேல் இன்னொரு தோலாகப் படர்ந்திருந்தன. கண் இருப்பவரை ஏமாற்றிவிடலாம். விரலால் பார்ப்பவரை எப்படி ஏமாற்றுவது?

கட்டிலுக்கு விரிப்பு மாற்ற வந்திருந்த அக்கா வாசற்படியில் நின்றாள்.

"மூணு வருஷமா போன்லயே வண்டி தொடச்சவன்டா நீ. இன்னிக்கு மட்டும் தண்ணி எதுக்கு?"

"குத்திக் காட்டாதக்கா. நீயும்தான் அப்பாகிட்ட வாயத் திறக்கல."

"திறந்திருந்தா அவரு அன்னிக்கே போயிருப்பாரு."

முறையைக் காலையில் ஒரு பெயின்டர் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்திருந்தார். "சோப்புத் தண்ணி வழிய வழிய விட்டு, அழுக்க ஒட்டியெடுக்குற களிக்கட்டிய மேலாக்க ஓட்டு. அழுத்தாத. கீழ விழுந்த கட்டிய மறுபடி தொடாத, மண்ணு கீறிடும். பழைய பெயின்ட், துணியில கலர் வரும், பயப்படாத. என்ன பண்ணியும் ஒண்ணு போகலன்னா விட்டுடு தம்பி. அது அழுக்கா இருக்காது."

அவ்வாறே செய்தான். கட்டியை மடித்து மடித்துப் புதுமுகம் காட்டினான். தரையில் விழுந்த துண்டை எறிந்தான். சின்ன உறுத்தலும் விரலுக்குத் தெரியும்படி மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை நுழைத்துத் தகட்டைத் தடவினான்; பொடிப்பொடியாக உறுத்திய இடங்களை மீண்டும் துடைத்தான். மூன்று மணிக்குள் கார் முழுதும் வழுக்கியது, இடது முன்விளக்குக்கு மேலே தகட்டில் இருந்த ஒரு சொட்டைத் தவிர. பயறளவுதான். களிக்கும் அசையவில்லை, ஸ்பிரிட்டுக்கும் கரையவில்லை.

"என்னடா அது?"

"பிசின். கல்லா காஞ்சிருக்கு."

"மணி மூணரை. அப்பா கைக்கு அது தட்டுப்பட்டா உன் வண்டவாளம் வெளிய வந்துடும். எதையாவது போட்டு எடுத்துத் தொலை."

அந்தக் காரை அவன் அதுவரை ஒருநாளும் துடைத்ததில்லை. தந்தை வேறு கை பட விட்டதுமில்லை. கொட்டகையிலிருந்து பொடி உப்புத்தாளை எடுத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தான். அரக்கு நீர் வழிந்தது. கலர் வரும் என்று பெயின்டர் சொன்னது நினைவுக்கு வர, தேய்ப்பதை நிறுத்தவில்லை. சொட்டு மறைந்தது.

நான்கு மணி பத்து நிமிடத்துக்குத் தந்தை வந்தார். சக்கர நாற்காலியைக் கார் அருகே நிறுத்தினார்கள். எலும்பாகிவிட்ட கை காரின் முன்மூடியின் மேல் மெல்ல ஊர்ந்தது.

"நல்லா வெச்சிருக்கடா" என்றார்.

பிறகு அந்தக் கை இடது விளக்குக்கு இறங்கியது. கட்டைவிரல் எதையோ தேடிற்று. வலது விளக்குக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியும் வந்தது.

"என் வண்டி எங்க?"

"இதுதாம்பா."

"இங்க ஒரு சொட்டு இருக்கும். பெயின்ட் அடிக்கிறப்போ உங்கம்மா சாப்பிடக் கூப்பிட்டா. நான் திரும்பின நேரத்துல வழிஞ்சு நின்னது. அவ போனப்புறம் தினம் அதத் தொட்டுட்டுத்தான் வெளிய கெளம்புவேன். என் வண்டிய வித்துட்டு வேற எதையோ நிறுத்தியிருக்கீங்க."

மகன் மண்டியிட்டான். "இல்லப்பா. மரத்தடியில போட்டு வெச்சிருந்தேன். பிசின்னு நெனச்சு நான்தான் தேய்ச்சிட்டேன்."

"வாராவாரம் தொடச்சேன்னியே?"

"பொய்ப்பா."

"அப்ப இதுவும் அதுதான்."

"அப்பா, அவன் சொல்றது நெசம்" என்றாள் அக்கா.

"நீயும் கூட்டா?"

தந்தை கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளே கட்டிலில் கிடத்தியதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டைவிரல் மட்டும் புது விரிப்பின் ஓரத்தைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தது. கட்டிலருகே தரையில் அமர்ந்து மகன் அதையே பார்த்திருந்தான். அவன் நகக்கண்களில் அரக்கு நிறம் போகாமல் ஒட்டியிருந்தது.

அந்த விரல் நின்றபோது மாலை மணி ஆறு பதினேழு.